என்னைத் தோற்கடிக்க ஆள் தேடினேன்

1

என் மகள் யாழினிக்குப் போன வாரம் சைக்கிள் ஓட்டும் உரிமம் கிடைத்தது. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்கு உரிமம் என்று ஊரில் இருப்பவர்கள் சிரிப்பீர்கள். இங்கே ஜெர்மனியில் அது சிரிக்கிற விஷயம் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போலீஸ்காரர்களே வந்து, சாலை விதிகளைச் சொல்லிக்கொடுத்து, கைகாட்டித் திரும்பச் சொல்லி, பரீட்சை வைத்து, தேறியவர்களுக்குக் கையெழுத்துப் போட்ட அட்டை ஒன்றைத் தருகிறார்கள். யாழினி அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, நீ எப்போ இந்தப் பரீட்சை செஞ்ச?"

தமிழில் பரீட்சை எழுதுவோம், கொடுப்போம். ஜெர்மன்காரர்கள்தான் பரீட்சையைச் 'செய்வார்கள்'. இவள் பேசுகிற தமிழின் அடியில் இப்போதெல்லாம் ஜெர்மன் ஓடுகிறது. திருத்தலாமா என்று ஒரு நொடி யோசித்து விட்டுவிட்டேன்.

"நான் எழுதவே இல்லை கண்ணு. எங்க ஊர்ல அப்படி ஒண்ணு கிடையாது."

"அப்போ உனக்குச் சரியா ஓட்டத் தெரியாது."

குத்திக்காட்டும் குரலில் அவள் இதைச் சொல்லவில்லை. அட்டை இல்லாதவருக்கு ஓட்டத் தெரியாது. அவள் வளர்கிற ஊரில் அதுதான் நியாயம். சமையல் மேடையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த என் கணவர் செல்வராஜ் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"உங்கம்மா காலேஜ் படிக்கறப்போ மவுண்டன் பைக் ரேஸ் ஓட்டுனவ. கேட்டுப் பாரு."

"திருப்பூர்லயா? அங்க மலையே இல்லையே!"

விடுமுறைக்குப் போயிருந்தபோது அவள் பார்த்த திருப்பூரில் மலை இல்லைதான். லாரியும் பஸ்ஸும் ஸ்கூட்டரும் முட்டிக்கொண்டு நிற்கிற சாலைகளும், ராத்திரிபகலாக ஓடுகிற தையல் மெஷின் சத்தமும்தான் அவளுக்கு நினைவிருக்கும். அதனால் அன்று மாலை அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடித்தபோது இதை உங்களுக்கும் எழுதவேண்டும் என்று தோன்றியது.

2

திருப்பூரை ஒட்டிய வீரபாண்டியில் எங்கள் வீடு மாடியில். கீழே அப்பாவின் பட்டறை. பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கிற துணியை வாங்கி பனியனாகவும் டி-ஷர்ட்டாகவும் தைத்துக் கொடுக்கிற சின்ன இடம். ஊரில் அதைப் பவர் டேபிள் என்பார்கள். அப்பா மெஷின்களைப் பார்த்துக்கொள்வார். அம்மா தைத்த பீஸ்களைச் செக்கிங் பண்ணி நூல்பிசிறு வெட்டி அடுக்குவார். நான் டெக்ஸ்டைல் படித்துக்கொண்டிருந்தேன். படித்துமுடித்து அந்தப் பட்டறையைப் பெரிதாக்குவேன் என்று எல்லாருமே நினைத்திருந்தார்கள், நான் உட்பட.

இரண்டாம் வருடத்தில் என் வகுப்புத் தோழன் கார்த்தி, முன்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கிவந்தான். ஒரு ரவுண்டு கேட்டேன். ஊருக்கு வெளியே வறண்டு கிடந்த குளத்தின் கரைமேல் ஏற்றிக்கொண்டுபோய், அந்தப்பக்கச் சரிவில் இறக்கினேன். பாதி வழியில் இது கீழே விழுகிற வேகம் என்று தெரிந்தது. விழவில்லை. கீழே போய் நின்றபோது வாயெல்லாம் சிரிப்பாக இருந்தது. கார்த்தி கரைமேலிருந்து, "ஏய், சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கத்தினான். நான் மறுபடியும் மேலே தள்ளிக்கொண்டு ஏறினேன்.

அப்பாவிடம் கேட்டபோது அவர் அதிகம் யோசிக்கவில்லை. கோயம்புத்தூரில் ஒருவர் ஓட்டிவிட்டு விற்ற சைக்கிளை டெம்போவில் துணி மூட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்துக் கொண்டுவந்து இறக்கினார். அம்மாதான் படியில் நின்றபடி அதை மேலும் கீழும் பார்த்தார்.

"பல்லு கில்லு போச்சுன்னா என்ற கிட்ட வராத. இப்பவே சொல்லிட்டேன்."

கல்லூரி உடற்கல்வி ஆசிரியரை நாங்கள் பி.டி. சார் என்போம். பல்கலைக்கழகத் தேர்வுப் போட்டி உடுமலைப்பேட்டைக்கு அந்தப்பக்கம், ஆனைமலை அடிவாரத்தில் நடக்கும் என்று அவர்தான் சொன்னார். பெண்களில் முதலாவதாக வருகிறவர் வடக்கே நடக்கும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போகலாம். ஒருவர் மட்டும்.

"ஆனா ஒரு சிக்கல் இருக்கு மேகலா. மூணு பேராவது லைன்ல நின்னாத்தான் லேடீஸ் ரேஸ் நடத்துவாங்க. போன வருசம் ஆளில்லாம கேன்சல் பண்ணிட்டாங்க."

"நான் இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்தா?"

"வந்தா நடக்கும்." அவர் விசிலை விரலில் சுற்றிக்கொண்டே சிரித்தார். "ஆனா நீ கூட்டிட்டு வர்றவளே உன்னை ஜெயிச்சுட்டா என்ன பண்ணுவ?"

"ஜெயிக்கட்டும் சார்" என்றேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. என்னை ஜெயிக்கக்கூடிய ஒருத்தி அந்தக் கல்லூரியில் இருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

3

நாங்கள் இப்போது இருப்பது தெற்கு ஜெர்மனியில், ஷ்வேபிஷ் ஆல்ப் என்கிற மலைத்தொடரில் ஒரு சின்ன ஊர். மேற்படிப்புக்கு வந்து, பின்னல் துணிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை கிடைத்து, அப்படியே தங்கிவிட்டேன். வந்த புதிதில் ஒரு விஷயம் தெரிந்து வியந்துபோனேன். இந்த ஊரும் ஒரு காலத்தில் பனியன் ஊர். வீட்டுக்கு வீடு பின்னல் மெஷின் ஓடியிருக்கிறது. வேலையெல்லாம் மெதுமெதுவாக வெளிநாடுகளுக்குப் போய்விட்டது, எங்கள் ஊருக்கும்தான். பழைய கம்பெனிக் கட்டிடங்களில் இப்போது குடியிருப்புகளும் உடற்பயிற்சிக்கூடமும் இருக்கின்றன. பக்கத்து வீட்டு முதியவர், நான் திருப்பூர் என்றதும் தன் சட்டையின் கழுத்துப்பட்டியைத் திருப்பி லேபிளைக் காட்டினார். இந்தியா.

ஷ்வேபியர்களின் பேச்சும் நமக்குப் பழகியதுபோலத்தான். நாம் எதன் பின்னாலும் 'ங்க' போடுகிற மாதிரி இவர்கள் 'லே' போடுகிறார்கள். வீட்டைக் 'ஹைஸ்லே' என்பார்கள், சைக்கிளை 'ரேடுலே' என்பார்கள். எனக்கு அது சீக்கிரம் பிடித்துப்போனது. இலக்கண ஜெர்மன்தான் காலை வாரிவிட்டது.

இங்கே எதற்கும் ஒரு சங்கம் உண்டு. சைக்கிள் சங்கத்தில் பெண்கள் குழுவோடு நான் முதல்முறை காட்டுக்குள் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். வளைந்து வளைந்து இறங்குகிற ஒற்றையடிப் பாதை. எனக்குப் பின்னால் உர்சுலா என்கிற ஓய்வுபெற்ற ஆசிரியை வந்துகொண்டிருந்தார். திடீரென்று அவர், "பிரெம்ஸே! பிரெம்ஸே!" என்று கத்தினார். பிரெம்ஸே என்றால் பிரேக். வகுப்பில் படித்திருந்தேன். முன்னால் ஏதோ பள்ளம் என்று நினைத்து இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தேன். உர்சுலா என் பின்சக்கரத்தில் மோதி, இரண்டு பேரும் காஞ்சொறிச் செடிக்குள் போய் விழுந்தோம்.

பிரெம்ஸே என்றால் மாட்டு ஈயும்தான். என் தோளில் ஒன்று உட்கார்ந்து கடிக்கப் பார்த்திருக்கிறது. அதைத்தான் சொன்னாராம்.

உடம்பெல்லாம் எரிய எரிய இருவரும் அங்கேயே உட்கார்ந்து சிரித்தோம். அன்றைக்குப் பிறகு இந்த ஊரில் எனக்குத் தோழிகள் இல்லை என்ற குறை இல்லை.

இந்தக் கதையை யாழினி ஏற்கெனவே பலமுறை கேட்டிருக்கிறாள். அன்று மாலை நான் நடுவில் இதற்குள் புகுந்ததும் அவள் பொறுமை இழந்தாள்.

"அது தெரியும் அம்மா. அந்த ரெண்டு பேரைக் கண்டுபிடிச்சியா இல்லையா?"

4

முதலில் கிடைத்தவள் சகாயமேரி. என்னைவிட ஒரு வருடம் மூத்தவள், காமர்ஸ் படித்தாள். அவளுடைய அப்பா அம்மா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து அனுப்பர்பாளையத்தில் வாடகைக்கு இருந்தார்கள். அவள் அங்கிருந்து அப்பாவின் கனத்த பழைய சைக்கிளில் கல்லூரிக்கு வருவாள்.

அந்தச் சமயம் கல்லூரிச் சாலையைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மணலும் ஜல்லியும் குவிந்து கிடந்தன. எல்லாரும் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நானும் இறங்கித்தான் தள்ளினேன். இவள் ஒருத்தி மட்டும் இறங்காமல், பின்பக்கமாகச் சாய்ந்து, ஒரே சீராக மிதித்து மணலைக் கடந்துபோனாள். நான் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினேன்.

"இந்த மணல்ல எப்படி ஓட்டறீங்க?"

"எங்க ஊருல பூரா தேரி மணலுதான். கொடத்துல தண்ணி கெட்டிக்கிட்டு ஓட்டுவோம். இதென்ன மணலு?" என்றவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எதுக்குட்டி இப்படி எளைக்க எளைக்க ஓடி வாரே?"

பந்தயத்தைப் பற்றிச் சொன்னேன்.

"செயிச்சா என்ன தருவாவ?"

"வடக்கே பெரிய ரேஸுக்கு அனுப்புவாங்க. ரயில்ல."

"ரயிலு டிக்கெட்டு அவுகளே எடுப்பாவளா? அப்ப சரி, வாரேன்" என்றாள்.

இரண்டாவது ஆள் பூரணி. உடுமலைக்காரி, விடுதியில் தங்கியிருந்தாள். கபடி ஆடுவாள், யாருக்கும் பயப்படமாட்டாள். ஆனால் இறக்கத்தில் சைக்கிளை விடச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வாள். ஏற்றத்தில் ஓட்டு, இறக்கத்தில் இறங்கி நடந்து வா, அது விதிப்படி செல்லும் என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன்.

பயிற்சிக்கு எங்களுக்கு மலை இல்லை. பி.ஏ.பி. பாசன வாய்க்கால் மேட்டில் ஓட்டினோம். குளத்துக் கரையில் ஏறி இறங்கினோம். கருவேல முள்ளில் டயர் பஞ்சராகாத நாளே கிடையாது. மேடேறத் தகுந்த சைக்கிள்கள் எங்களுக்கு இரண்டுதான்: என்னுடையதும், கார்த்தியிடம் மாலையில் இரவல் வாங்குவதும். மூன்றாவது ஆள் தன் முறை வரும்வரை கூடவே ஓடவேண்டும். பந்தயத்தன்று பையன்கள் போட்டி முதலில் முடியும் என்பதால், அதற்குப் பிறகு அவர்களுடைய சைக்கிள்களில் ஏறிக்கொள்ளலாம் என்று பி.டி. சார் பேசிவைத்தார்.

அம்மா இன்னும் சமாதானமாகவில்லை. முழங்கால் சிராய்ப்போடு நான் வந்த ஒவ்வொரு நாளும் மஞ்சளை அரைத்துக் கொண்டே திட்டினார். ஆனாலும் எங்கள் மூவருக்கும் சட்டை தைத்தது அவர்தான். சாயம் ஒரே மாதிரி ஏறவில்லை என்று கம்பெனி ஒதுக்கிய ஆரஞ்சுத் துணி பட்டறையில் கிடந்தது. அதில் முதுகுப் பக்கம் பாக்கெட் வைத்துத் தைத்தார். மூன்று சட்டையும் மூன்று ஆரஞ்சாக இருந்தன. "தூரத்துல இருந்து பாத்தா எது நீன்னு தெரியோணுமல்ல" என்று அதற்கும் ஒரு காரணம் சொன்னார்.

5

பந்தய நாள். டெம்போவில் அப்பா, அம்மா, மேரி, நான். அம்மா தயிர்சாதமும் பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டிருந்தார். பூரணி முந்தின நாளே உடுமலையில் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். நேராகப் பந்தய இடத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

தென்னந்தோப்புகளைத் தாண்டியதும் நிலம் உயர ஆரம்பித்தது. மேட்டின்மேல் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஆடிக்காற்று டெம்போவையே ஒருபக்கம் தள்ளியது. பாதையைச் சுற்றி நாடா கட்டியிருந்தார்கள். தோப்பு ஓரமாகப் போய், வறண்ட ஓடையின் மணலைக் கடந்து, காற்றாலை மேட்டில் ஏறி, சரளைக்கல் சரிவில் இறங்கி, மறுபடி மணலைத் தாண்டித் திரும்பவேண்டும். பையன்கள் போட்டி தொடங்கிவிட்டது. பூரணி வரவில்லை.

அவளுக்குப் போன் செய்தேன். அழுகிற குரலில், "அப்பா உடமாட்டேங்கறாருங்க்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நடத்துபவர் நல்ல மனிதர்தான். தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு, "சாரிம்மா, மூணு பேர் லைன்ல நிக்கணும். ரூல் அது. பசங்க ரேஸ் முடியற வரைக்கும் பாக்கறேன். அப்புறம் கேன்சல்னு எழுதிடுவேன்" என்றார்.

நான் தலைகுனிந்து நின்றேன். அப்போதுதான் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஏனுங்க, இத்தன தூரம் வந்து நிக்கற புள்ளைங்கள ஆளில்லீன்னு திருப்பி அனுப்புவீங்களா?" பதிலுக்குக் காத்திராமல் என் பக்கம் திரும்பினார். "அந்தப் புள்ள ஊடு எங்க இருக்குது? வண்டியெடுக்கச் சொல்லு உங்கப்பன."

தான் வரவில்லை என்றாள் மேரி. "நான் அந்தக் கோட்டுல போயி நிக்கேன். ஆளு நிக்கும்போது எப்படி அழிப்பாவன்னு பாப்பம்." அப்படியே போய், சைக்கிள்கூட இல்லாமல், வெயிலில் தனியாக நின்றாள்.

பூரணியின் வீடு தோப்புக்குள் இருந்தது. அவளுடைய அப்பா தேங்காய் உரித்த மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் வேட்டியை இறக்கிவிட்டு, "வாங்க, வாங்க. உக்காருங்க. எளநி வெட்டட்டுங்களா?" என்றார். என்ன விஷயம் என்று தெரிந்தும் அதை அவர் முதலில் பேசவில்லை. இளநீர் வந்தது. குடித்தோம். அம்மாதான் ஆரம்பித்தார்.

"புள்ளைய அனுப்பி வெக்கோணுமுங்க."

"அது ஆகாதுங்க. காட்டுக்குள்ள, கல்லுல, சைக்கிளு. உழுந்து கைகால ஒடச்சுக்கிட்டா நாளைக்கு ஆருங்க பதில் சொல்றது?"

"நானும் இதையேதானுங்க சொல்லீட்டு இருந்தேன். இன்னைக்குக் காலைல வரைக்கும் சொன்னேன்." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்ற புள்ளைக்காக நான் இங்க வரலீங்க. அங்க ஒரு புள்ள தன்னந்தனியா வெயில்ல கோட்டுமேல நின்னுட்டு இருக்குது. ஊரு விட்டு ஊரு வந்த புள்ள. உங்க பூரணி வந்தா மூணும் ஓட்டும். வரலீன்னா மூணுமே ஓட்ட முடியாதுங்க."

அவர் தென்னைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உழுகாதுன்னு நீங்க சொல்லுவீங்களாக்கும்னு பாத்தேன்."

"உழுகுமுங்க" என்றார் அம்மா. "சைக்கிள்னா உழுகத்தானுங்க செய்யும். உழுந்தா நானே தூக்கியாந்து உங்க ஊட்டுல உட்டுட்டுப் போறேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் நின்றிருந்த பூரணி ஏற்கெனவே ஆரஞ்சுச் சட்டையைப் போட்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவர், "செரி, நானும் வர்றனுங்க. நானில்லாம அனுப்பமாட்டேன்" என்று டெம்போவில் முதல் ஆளாக ஏறிக்கொண்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பையன்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். மேரி அதே இடத்தில் நின்றிருந்தாள். அப்பா மெஷினுக்கு வைத்திருந்த ஸ்பேனரை எடுத்து, கார்த்தியின் சைக்கிள் சீட்டை மேரிக்கு இறக்கிக் கொடுத்தார். பூரணிக்கு இன்னொரு பையனுடையது. மூன்று ஆரஞ்சும் கோட்டில் நின்றன. விசில் ஊதினார்கள்.

முதல் சுற்றில் நான்தான் முன்னால். ஓடை மணலில் இறங்கித் தூக்கிக்கொண்டு ஓடினேன். மேட்டில் ஏறும்போது காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. காற்றாலை இறக்கைகளின் நிழல் ஒவ்வொன்றாகப் பாதையைக் கடந்துபோய்க்கொண்டிருந்தது. சரளைச் சரிவில் பிரேக்கைத் தொடாமல் விட்டேன். குளத்துக் கரையில் சிரித்த அதே சிரிப்பு எனக்கு வந்தது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

இரண்டாவது சுற்றில், மணலில் நான் இறங்கித் தூக்கிய இடத்தில், மேரி இறங்காமல் ஓட்டிக்கொண்டு என்னைக் கடந்தாள். கடக்கும்போது, "வாட்டி, வா" என்று வேறு சொன்னாள். மேட்டில் அவளைப் பிடித்தேன். சரிவில் முந்தினேன். அடுத்த மணலில் மறுபடி அவள் முந்தினாள். கடைசிச் சுற்றும் இப்படியேதான் போனது. நான் சரிவில் சம்பாதித்ததை எல்லாம் மணலில் விட்டேன். முடிகிற கோட்டுக்கு முன்னால் இருந்ததும் மணல்தான். இந்தமுறை நானும் இறங்காமல் ஓட்டிப்பார்த்தேன். சக்கரம் புதைந்து பக்கவாட்டில் சாய்ந்தேன். எழுந்து பார்த்தபோது மேரியின் ஆரஞ்சு முதுகு கோட்டைத் தாண்டிவிட்டது.

பூரணி ஒவ்வொரு சரிவிலும் இறங்கி நடந்தாள். நடக்கும்போதுதான் ஒருமுறை விழுந்தாள். நாடாவுக்கு வெளியே கூடவே ஓடிக்கொண்டிருந்த அவளுடைய அப்பா, "எந்திரி கண்ணு, எந்திரி! ஒண்ணுமில்ல! ஏறி மிதி!" என்று கத்தியது மேடு முழுக்கக் கேட்டது. பையன்கள் யாரும் கிளம்பாமல், அவள் வந்து சேரும்வரை நின்று கைதட்டினார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். நான் தேடிப் பிடித்தவள், நான் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுத்தவள், நான் போகவேண்டிய ரயிலில் போகப்போகிறாள். டெம்போவில் திரும்பும்போது மேரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். அனுப்பர்பாளையத்தில் அவள் இறங்கும்போது, "போறதுக்கு என்கிட்ட சைக்கிளு இல்லட்டி. கார்த்தி வெளியூருக்கெல்லாம் தரமாட்டான்" என்றாள். என் சைக்கிளைக் கேட்கவில்லை. இருப்பதைச் சொன்னாள்.

சில நாட்கள் எனக்குள்ளேயே சண்டை போட்டேன். பிறகு ஒரு காலையில் பட்டறை வாசலில் உட்கார்ந்து, மூட்டையிலிருந்து பனியன் வேஸ்ட்டை எடுத்துச் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் போட்டேன். செக்கிங் மேசையிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். நான் சைக்கிளை அனுப்பர்பாளையம் வரை ஓட்டிக்கொண்டு போய் மேரியிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் திரும்பினேன்.

அவள் வடக்கே போய், நடு வரிசையில் எங்கோ முடித்தாள். திரும்பிவந்து சைக்கிளைக் கொடுத்தபோது அது தலைமுதல் கால்வரை சேறாக இருந்தது.

"கழுவக்கூட இல்லையா?" என்றேன்.

"அந்த ஊரு மண்ண நீயும் பாக்க வேண்டாமாட்டி? அதான் அப்படியே கொண்டாந்தேன்."

நாங்கள் இருவரும் சேர்ந்து கழுவினோம். ஒவ்வொரு திருப்பத்தையும் அவள் கையால் வரைந்து காட்டினாள். அடுத்த வருடம் கோட்டில் மூன்று பேர் இருக்கிறார்களா என்று யாரும் எண்ணவேண்டி இருக்கவில்லை. அவ்வளவு பெண்கள் வந்து நின்றார்கள். நான் ஜெயித்து வடக்கே போனேன். மேரி படிப்பை முடித்துப் போய்விட்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இப்போது அவள் தூத்துக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை.

யாழினி முழுக்கக் கேட்டுவிட்டு, ஜெர்மனில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இப்போது மேரியோடு ஓட்டினால் ஜெயிப்பாயா?

"மணல் இல்லாட்டி" என்றேன்.

6

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சங்கம் நடத்திய பந்தயம். வழக்கமாக யாழினி வரமாட்டாள். மற்ற அம்மாக்கள் கேக் கடையில் நிற்கும்போது தன் அம்மா மட்டும் சேறு பூசிக்கொண்டு வருவது அவளுக்குச் சங்கடம். இந்தமுறை அவளாகவே வந்தாள். அப்புச்சிக்கு வீடியோவில் காட்டப்போகிறேன் என்று செல்வராஜின் போனை வாங்கி வைத்துக்கொண்டாள். அவசர ஆர்டர் என்பதால் அவளுடைய அப்புச்சி, என் அப்பா, ஞாயிறும் பட்டறையில்தான் இருந்தார். பீஸ் கட்டுகளின்மேல் போனைச் சாய்த்துவைத்துக்கொண்டு அவரும் அம்மாவும் பார்த்தார்கள். மதிய இடைவேளை. பின்னால் பட்டறையில் வேலைசெய்கிற பீகார்ப் பையன்கள் தட்டோடு எட்டிப் பார்த்தார்கள்.

இங்கே எங்கள் பெயர்கள் பெரிய தொல்லை. விசா வாங்கியபோது குடும்பப் பெயர் என்கிற இடத்தில் ஆளாளுக்கு அப்பாவின் பெயரைப் போட்டோம். அதனால் எங்கள் அழைப்புமணிக்குக் கீழே மூன்று குடும்பப் பெயர்கள் இருக்கின்றன. அயல்நாட்டவர் அலுவலகத்தில் ஓர் அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்து, "நீங்கள் மூன்று பேரும் சொந்தக்காரர்கள்தானே?" என்று கேட்டார். கணவன், மனைவி, மகள் என்று விளக்க அரைநாள் ஆனது. அரசாங்கக் காகிதங்களில் நான் எப்போதும் என் அப்பாவின் பெயர்தான். பந்தயப் பட்டியலிலும் அப்படியே.

ஒலிபெருக்கிக்காரர் அவசரத்தில் இருந்தார். எங்கள் வயதுப் பெண்களைக் குடும்பப் பெயர் சொல்லி ஒவ்வொருவராகக் கோட்டுக்கு அழைத்தார். பிறகு காடே அதிரும்படி ஒரு பெயரைச் சொன்னார்.

"பலானிசாமி!"

நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். உர்சுலாவும் சங்கத்துப் பெண்களும், "ஹோப், ஹோப், பலானிசாமி!" என்று கத்தினார்கள். யாழினி பக்கத்தில் நின்றிருந்ததால் போனில் அப்பாவின் குரல் எனக்கும் கேட்டது.

"ஏங்கண்ணு, என்ற பேரச் சொல்லிக் கூப்புடறாங்க?"

யாழினி என்னைப் பார்த்தாள். பிறகு தமிழில், அவளுடைய தமிழில், நிதானமாகச் சொன்னாள். "அப்புச்சி, இங்க நீங்கதான் ரேஸ் ஓட்டறீங்க."

பாதை முழுக்க ஈரமண்ணும் வேர்களும். மணல் எங்கும் இல்லை. இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் போனார்கள், அவர்களைப் பிடிக்கமுடியவில்லை. என் பின்னால் வந்தவர்களை நான் விடவில்லை. முடிகிற கோட்டைத் தாண்டியதும் ஒலிபெருக்கியில் மறுபடி அறிவித்தார்கள். மூன்றாம் இடம், பலானிசாமி.

யாழினி ஓடிவந்து போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். திரையில் அப்பாவின் முதுகுதான் தெரிந்தது. திரும்பி நின்று, பீகார்ப் பையன்களிடம் தனக்குத் தெரிந்த இந்தியில் கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மை! ஜெர்மனி மே! தீஸ்ரா நம்பர்!" அதாவது, நான்! ஜெர்மனியில்! மூன்றாம் நம்பர்!

பையன்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். அம்மா திரைக்கு வந்து என் முழங்காலைக் காட்டச் சொன்னார். காட்டினேன். பிறகு அப்பாவின் முகம் திரை முழுக்க வந்தது.

"ஏங்கண்ணு, எனக்கு முன்னாடி வந்த அந்த ரெண்டு பேரு ஆரு?"

பெயர்களைச் சொன்னேன்.

"செரி" என்றார் அப்பா. "அடுத்த வருசம் அவிங்கள உடக்கூடாது."